உட்காரும் உரிமைச் சட்டம் (தமிழ்நாடு)

கடைகளிலும் வணிக நிறுவனங்களிலும் வேலை செய்வோருக்கு இருக்கை வசதி செய்து தரவேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் கொண்டுவரப்பட்ட சட்டத் திருத்தம், பொதுவாக உட்காரும் உரிமைச் சட்டம் எனப்படுகிறது. ஆண், பெண் என்ற பிரிவின்றி எல்லாப் பணியாளர்களுக்கும் இது பொருந்தும். எனினும் இக்கோரிக்கையை முன்னெடுத்தவர்கள் துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் பணிபுரியும் பெண்களே.

பின்னணி

1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என வேலை நேரத்தை வரையறுத்தது. அந்த நேரம் முழுவதும் நின்றே கழிக்கவேண்டுமா என்பது பற்றி அதில் எதுவும் இல்லை. மறு ஆண்டு வந்த தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-ஆம் பிரிவு, நின்று வேலை செய்யும் ஆலைத் தொழிலாளர்களுக்கு இருக்கை வசதி தரச் சொன்னது. கடைகள் அச்சட்டத்தின் கீழ் வராததால் விற்பனைப் பெண்களுக்கு அதனால் பயனில்லை. இங்கிலாந்தில் மூன்று பெண் விற்பனையாளர்களுக்கு ஓர் இருக்கை என்ற சட்டம் 1899-லேயே வந்துவிட்டது.

வாடிக்கையாளர் முன் பணியாளர் உட்கார்ந்திருப்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் வணிகர்களிடம் வேரூன்றியிருந்தது. இதனால் கால் வீக்கம், நரம்புச் சுருட்டு, முதுகுவலி ஆகியவை விற்பனைப் பெண்களிடையே பரவலாயின. மாதவிடாய் நாட்களிலும் கர்ப்ப காலத்திலும் துன்பம் மேலும் கூடியது. சென்னை தியாகராய நகர்க் கடைத் தொழிலாளர் வாழ்வை வசந்தபாலன் இயக்கிய ‘அங்காடித் தெரு’ (2010) திரைப்படம் பலரறியச் செய்தது.

கேரளத்தின் முன்னோடி

கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளின் பெண் பணியாளர்கள், தையல் தொழிலாளியான பி. விஜி தலைமையில் ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பாகத் திரண்டனர். கழிப்பறையும் இருக்கையும் அவர்களின் முதன்மைக் கோரிக்கைகள். தொடர் போராட்டங்களுக்குப் பின் 2018-ல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது.

தமிழ்நாட்டுத் திருத்தம்

2019 செப்டம்பரில் மாநிலத் தொழிலாளர் ஆலோசனை வாரியம் இக்கோரிக்கையை ஒருமனதாக ஏற்றது. தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி. வெ. கணேசன் 2021 செப்டம்பர் 6 அன்று மசோதாவைச் சட்டமன்றத்தில் அறிமுகம் செய்தார். அது நிறைவேறி, 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 22-அ என்ற புதிய பிரிவு சேர்ந்தது. வேலைக்கிடையே வாய்ப்பு கிடைக்கும்போது அமர்வதற்கு ஏற்ற இருக்கைகள் ஒவ்வொரு நிறுவனத்திலும் இருக்கவேண்டும் என்பது அதன் சாரம்.

சட்டத்தின் எல்லை

இப்பிரிவு இருக்கையைக் கட்டாயமாக்குகிறது. ஆனால் உட்கார்ந்த பணியாளரைக் கண்டிக்கவோ சம்பளம் பிடிக்கவோ கூடாது என்ற தனி வாசகம் அதில் இல்லை. ‘வாய்ப்பு’ எப்போது என்பதைக் கடையில் பெரும்பாலும் மேற்பார்வையாளரே முடிவு செய்கிறார். ஆகவே நாற்காலி இருக்கிறதா என்று பார்ப்பதோடு தொழிலாளர் துறையின் ஆய்வு முடிந்துவிட முடியாது. அதில் பணியாளர்கள் உட்கார முடிகிறதா என்பதையும் ஆய்வாளர் அவர்களிடமே கேட்டறிய வேண்டியுள்ளது.