அடிபட்டவனே நடுவன்

ஒருவன் வாளை ஓங்கி அடிக்கிறான். எதிரில் நிற்பவனின் தலைக்கவசத்தில் அந்த அடி ஓசையுடன் விழுகிறது. கையில் இருந்தது உண்மையான வாளாயின் அந்த அடி உயிரைக் குடித்திருக்குமா, அல்லது கவசத்தில் வழுக்கிப் போயிருக்குமா? இதனைத் தீர்மானிப்பவர் யார்? அடித்தவன் அல்லன், களத்தில் கோலுடன் நிற்கும் காவலரும் அல்லர், சுற்றி நின்று பார்ப்போரும் அல்லர். அடிபட்டவனே தீர்மானிக்க வேண்டும். "நல்ல அடி" என்று அவன் தன் வாயால் ஒப்புக்கொண்டு கீழே விழுந்தால்தான் அந்தப் போர் முடியும். அவன் "மெல்லிய அடி" என்று சொல்லிவிட்டால் போர் தொடரும். குத்துச்சண்டையிலோ மற்போரிலோ காணப்படாத இவ்விதி, 1966 ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தோன்றிப் பல நாடுகளுக்கும் பரவிய ஒரு கழகத்தின் விதியாகும்.

அக்கழகத்தின் பெயர் 'சொசைட்டி பார் கிரியேட்டிவ் அனாக்கிரனிசம்' என்பது. அனாக்கிரனிசம் என்றால் காலத்தோடு பொருந்தாதது என்று பொருள். தமிழ் இலக்கணம் கற்றோர் இதனைக் காலவழு என்று உடனே சொல்லிவிடுவர். வழுவே ஆயினும் ஏதேனும் ஒரு காரணம் பற்றி அமைத்துக் கொள்ளப்படுமாயின் அது வழுவமைதியாகும் என்பதை நன்னூல் படித்த மாணவரும் அறிவர். வேண்டுமென்றே காலந்தவறி வாழ்ந்து பார்ப்பதை நோக்கமாகக் கொண்ட இவர்களுக்குக் 'காலவழுவமைதிக் கழகம்' என்னும் பெயர் நன்கு பொருந்தும்.

1966 ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாள் கலிபோர்னியா மாநிலத்துப் பெர்க்கிலி நகரில், டயானா பாக்ஸன் என்னும் பெண்மணியின் வீட்டுக் கொல்லையில் இது தொடங்கிற்று. அவர் இடைக்கால இலக்கியம் பயின்றவர். பின்னாளில் நாவலாசிரியராகப் பெயர் பெற்றவர். நண்பர்கள் சிலர் பழங்கால உடையணிந்து வந்து, மரவாளும் கேடயமும் ஏந்திப் பொருது மகிழ்ந்தனர். மறுமுறை கூடுவதற்குப் பொதுப் பூங்காவில் இடம் கேட்டபோது, விண்ணப்பத்தில் எழுத ஒரு பெயர் தேவைப்பட்டது. மேரியன் சிம்மர் பிராட்லி என்ற எழுத்தாளர் மேற்சொன்ன பெயரைச் சூட்டினார். 1968 இல் கழகம் முறைப்படி பதிவாயிற்று. இன்று அதனுள் 20 'அரசுகள்' உள்ளன. ஐரோப்பாவுக்கு ஓர் அரசு. ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் சேர்த்து ஓர் அரசு. எஞ்சியவை பெரும்பாலும் வட அமெரிக்காவில் உள்ளன. அந்த மே முதல் நாளிலிருந்தே அவர்கள் தம் ஆண்டுக்கணக்கைத் தொடங்குகின்றனர் என்பது வேடிக்கை.

இடைக்கால ஐரோப்பிய வீரரின் பெருமையை உயிர்ப்பிப்பதாக இவர்கள் கூறுவர். ஆயின் அடிபட்டவனே தீர்ப்புக் கூறும் வழக்கம் அவ்வீரரிடம் இருந்ததா? வரலாற்றை நோக்குமிடத்து, இல்லை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது.

பழைய களம்

கி.பி. பன்னிரண்டாம் நூற்றாண்டில் 'டோர்னமெண்ட்' என்பது இக்காலத்தார் படக்காட்சிகளில் காண்பது போல வேலியிட்ட களத்தில் இருவர் மட்டும் குதிரைமேல் மோதுவதன்று. குதிரை வீரர் இரு பெரும் அணிகளாகப் பிரிந்து, வயல் தோட்டம் என்று பாராமல் நாளெல்லாம் மோதினர். போர்க்கருவிகள் கூர்மையானவை. கொல்வது நோக்கமன்று, பிடிப்பதே நோக்கம். பிடிபட்டவன் குதிரையையும் கவசத்தையும் இழப்பான். மீட்புப் பணமும் கொடுக்க வேண்டும். சொத்தில்லாத இளைய மக்களுக்கு இது ஒரு பிழைப்பாகவே இருந்தது.

வில்லியம் மார்ஷல் என்பவரின் வரலாறு இதற்குச் சான்று. தந்தையின் நிலத்தில் பங்கில்லாத இம்மனிதர் களம் களமாகச் சென்று செல்வம் சேர்த்தார். தம் வாழ்நாளில் 500 வீரரைப் பிடித்ததாக மரணப் படுக்கையில் கூறினார் என்று அவர் வரலாற்றைப் பாடிய பழைய பிரெஞ்சு நூல் சொல்கிறது. 1216 இல் இங்கிலாந்தின் சிறுவயது மன்னனுக்குக் காவலராகி நாட்டையே ஆண்டவரும் இவரே. ஒருமுறை அவருக்குப் பரிசு கொடுக்கத் தேடியபோது, அவர் கொல்லன் உலையில் இருந்தாராம். அடிபட்டு நசுங்கிய தலைக்கவசம் கழலாமையால், பட்டடைமேல் தலையை வைத்துக் கொல்லன் சுத்தியலால் தட்டிக் கழற்றிக்கொண்டிருந்தானாம். அவருக்காகக் காத்திருந்த பரிசு ஒரு பெரிய மீன்! இத்தகைய களத்தில் அடியை ஒப்புக்கொள்வதும் மறுப்பதும் எங்கிருந்து வரும்? நசுங்கிய இரும்பே சாட்சி கூறிற்று.

திருச்சபை இவ்விளையாட்டை வெறுத்தது. 1130 இல் கிளர்மாண்ட் நகரில் கூடிய சமயப் பேரவை இதனைத் தடை செய்து, இதில் மாண்டவனுக்குச் சமயமுறைப்படி அடக்கம் இல்லை என்று விதித்தது. வீரர்கள் பொருட்படுத்தவில்லை. 1186 இல் இங்கிலாந்து மன்னன் இரண்டாம் ஹென்றியின் மகன் ஜெப்ரி, பாரிஸ் நகரில் இத்தகைய களமொன்றில் பட்ட காயத்தால் மாண்டதாகக் கூறுவர். 1194 இல் முதலாம் ரிச்சர்ட் மன்னன் வேறு வழி கண்டான். இங்கிலாந்தில் ஐந்து இடங்களில் மட்டும் போர் விளையாட்டு நடக்கலாம். கோமகன் 20 மார்க்கும், பிரபு 10 மார்க்கும், நிலமுள்ள வீரன் 4 மார்க்கும், நிலமற்றவன் 2 மார்க்கும் கட்டணம் செலுத்த வேண்டும் என்று ஆணையிட்டான். தடுக்க இயலாததற்கு வரி விதிப்பது அரசுகளுக்குப் புதிதன்று. 1292 இல் இங்கிலாந்தில் வந்த சட்டம் இன்னும் ஒரு படி சென்று, கூர்வாளையும் கூர்முனைக் கருவியையும் விலக்கியது. வேடிக்கை பார்க்க வருவோர் ஆயுதம் கொண்டுவரலாகாது என்றது. திருச்சபை தன் தடையை 1316 இல்தான் நீக்கியது.

விதிகள் பெருகியும் சாவு நிற்கவில்லை. 1559 இல் பிரான்சு மன்னன் இரண்டாம் ஹென்றி, மாண்ட்கோமரி என்பவனுடன் ஈட்டிப்போர் விளையாடினான். எதிரியின் ஈட்டி முறிந்து, அதன் சிம்பு முகமூடியின் வழியே பாய்ந்தது. பத்து நாள் துன்புற்று மன்னன் மாண்டான்.

பதினைந்தாம் நூற்றாண்டில் நிலைமை சற்று வேறு. ஆஞ்சு நாட்டுக் கோமகன் ரெனே 1460 ஆம் ஆண்டையொட்டி எழுதிய டோர்னமெண்ட் நூலில், மழுங்கிய வாளும் மரத்தடியும் கொண்டு பொரும் முறை விரிவாக உள்ளது. குத்தலாகாது, இடைக்குக் கீழே அடிக்கலாகாது, முகத்துக்குக் கம்பி அடைத்த தலைக்கவசம் அணிய வேண்டும். பழிச்செயல் புரிந்த வீரனைக் களத்தில் பலர் சேர்ந்து புடைப்பதும், மகளிர் சார்பில் ஒரு வீரன் துணியொன்றைத் தாழ்த்தி அவனைக் காப்பதும் அதில் கூறப்படுகின்றன. இக்காலக் கழகத்தின் போருக்கு மிக நெருங்கிய முன்னோடி இதுவேயாம். ஆயினும் இங்கும் தீர்ப்பு நடுவர் கையில்தான் இருந்தது.

இடையில் 1839 இல் ஸ்காட்லாந்தில் எக்லிண்டன் பிரபு பெரும்பொருள் செலவிட்டு ஒரு டோர்னமெண்ட் நடத்தினார். பல்லாயிரவர் கூடினர், மழையும் கூடவே வந்து எல்லாவற்றையும் சேறாக்கிற்று. அதில் விளைந்த புது விதி எதுவும் இல்லை.

பிரம்பு வாள்

காலவழுவமைதிக் கழகத்தாரின் வாள் இரும்பன்று, பிரம்பு. தொடக்கத்தில் வேறு மரங்களையும் பயன்படுத்திப் பார்த்துப் பின்னர் பிரம்பையே நிலையாகக் கொண்டனர். மலாயாத் தீபகற்பத்திலும் சுமத்திராவிலும் விளையும் ரோத்தான் மானாவ் போன்ற தடித்த பிரம்பே அதற்கு ஏற்றது. நாற்காலிக்கும் கூடைக்கும், ஒரு காலத்தில் பள்ளி ஆசிரியர் கைக்கும் உதவிய பொருள், கடல் கடந்து அங்கே மன்னரைத் தேர்ந்தெடுக்கும் வாளாகிறது. மூங்கில் உள்ளே வெற்றிடமானது. பிளந்தால் கத்திபோல் கூராகும். கட்டை மரம் முறிந்தால் சிம்பு பறக்கும். பிரம்போ உள்ளீடு நிறைந்தது. அடிபட அடிபட நார்நாராகத் துடைப்பம்போல் விரியுமேயன்றி முறிந்து பாயாது. அதன் தடிமன் 1¼ அங்குலத்துக்குக் குறையலாகாது என்பது விதி. அதன்மேல் ஒட்டுத்துணி சுற்றி, வாளின் கூர்ப்பக்கம் எதுவெனத் தெரிய வேறு நிறத்தில் கோடு இடுவர்.

கருவிதான் பிரம்பு, கவசம் உண்மை இரும்பு. தலைக்கவசத்தின் தகடு ஏறக்குறைய 1.6 மில்லிமீட்டர் தடிப்பு இருக்க வேண்டும். முகக்கம்பிகளுக்கு இடையே ஓர் அங்குலக் கோல் நுழையலாகாது. பிரான்சு மன்னனின் முடிவை நினைப்பவருக்கு இவ்விதியின் அருமை தெரியும். கழுத்து, முழங்கை, முழங்கால், சிறுநீரகம் ஆகியவற்றுக்கும் காப்பு உண்டு. களக்காவலர் ஒவ்வொருவர் கவசத்தையும் சோதித்த பின்னரே உள்ளே விடுவர். போருக்கு முன் வீரர் அரசரை வணங்குவர். தம்மைப் போருக்கு அனுப்பிய அன்புக்குரியவரை வணங்குவர். பின்னர் எதிரியையும் வணங்குவர். பெண்களுக்குத் தனிக்களம் இல்லை. ஆண்களோடு சமமாகவே பொருகின்றனர். எந்த அறைகூவலையும் காரணம் கூறாமல் மறுக்கலாம், அதனால் இழுக்கில்லை என்பதும் விதி. பழைய வீரர் இதைக் கேட்டால் திகைத்திருப்பர்.

தலையிலோ உடலிலோ தக்க அடி பட்டால் சாவு. கையில் பட்டால் அந்தக் கை போயிற்று. முதுகுக்குப் பின் மடக்கிக்கொண்டு மற்றக் கையால் பொரவேண்டும். தொடையில் பட்டால் மண்டியிட்டுப் பொரவேண்டும். முழங்காலுக்குக் கீழே அடிப்பது குற்றம். ஆள் எத்தகைய கவசம் அணிந்திருந்தாலும், எல்லாரும் இரும்பு வளையச் சட்டையும் மூக்குக்காப்புள்ள திறந்த தலைக்கவசமும் அணிந்திருப்பதாகவே கொள்ள வேண்டும். அந்தச் சட்டையை ஊடுருவும் அளவு அடி வலியதா என்பதே கேள்வி. தடித்த இரும்பணிந்த செல்வனும் தோலணிந்த ஏழையும் ஒரே அளவால் தம்மைத் தாமே அளந்துகொள்ள வேண்டும் என்பது இதன் கருத்து.

எதிரி காலிழந்து மண்டியிட்டதும், தானும் வலிய மண்டியிடுவோர் உண்டு. தன் கேடயத்தை எறிவோரும் உண்டு. இதனைப் பெருந்தன்மை என்பர் சிலர். வெட்டியவன் உழைத்துப் பெற்ற பயனை வீணாக்குவதோடு, எதிரியை இரக்கத்துக்குரியவன் ஆக்குகிறது என்பர் வேறு சிலர். இவ்வழக்கு இன்னும் தீரவில்லை. பின்னவர் சொல்வதில் பொருள் இருப்பதாகவே தோன்றுகிறது.

காண்டாமிருகத் தோல்

அடிபட்டவன் பொய் சொன்னால் என் செய்வது? கழகத்தின் உயிர்நிலை இக்கேள்வியில்தான் உள்ளது. ஏனெனில் ஒவ்வோர் அரசின் மன்னனும் இப்பிரம்பு வாளால்தான் தேர்ந்தெடுக்கப்படுகிறான். சில மாதங்களுக்கு ஒருமுறை நடக்கும் முடிப்போட்டியில் இறுதிவரை நிற்பவனுக்கே மணிமுடி. முடி கண்ணெதிரே இருக்கும்போது, தலையில் விழுந்த அடியை "மெல்லிய அடி" என்று சொல்லிவிட நா துடிக்காதா?

அடியை உணராதவனைக் காண்டாமிருகம் என்றே தம்முள் அழைப்பர். எல்லாரும் பொய்யர் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். தடித்த தலைக்கவசத்தினுள் மூச்சிரைக்க நிற்பவனுக்கு, இடியும் அடியும் ஒன்றுபோலவே கேட்கும். களச்சூட்டில் வலி தெரிவதில்லை. களக்காவலர் தாம் கண்டதைச் சொல்லலாம், எதிரி வினவலாம், தவறாமல் அடியை மறுப்பவனைக் களத்திலிருந்தே விலக்கவும் செய்யலாம். ஆயின் அந்த ஓர் அடியைப் பற்றிய இறுதிச் சொல் அடிபட்டவனுடையதே. வெற்றி மட்டும் ஒருவனை இங்கு 'நைட்' ஆக்குவதில்லை. வெள்ளை இடைக்கச்சை அணியும் அந்தத் தகுதியை, ஏற்கெனவே அத்தகுதி பெற்றோரின் கருத்தைக் கேட்டே மன்னன் வழங்குகிறான். ஆண்டுக்கணக்கில் அவன் அடிகளை எவ்வாறு ஏற்றான் என்பதை அவர்கள் பார்த்திருப்பர். முடி சூடியும் நண்பரிடையே மதிப்பிழந்தவர் உண்டு.

இம்முறையை ஏற்காத குழுக்களும் உள்ளன. 2010 இல் உக்ரைன் நாட்டுக் கோத்தின் கோட்டையில் தொடங்கிய 'நாடுகளின் போர்' என்னும் போட்டியில் மழுங்கிய எஃகு வாளும் கோடரியும் கொண்டு முழு வலிமையுடன் மோதுகின்றனர். அங்கே அணிப்போரில் காலடி தவிர உடலின் வேறு பகுதி தரையில் பட்டால் அவன் வீழ்ந்தவன். நடுவர் பார்த்துச் சொல்வர். தெளிவான முறை; ஐயத்துக்கு இடமில்லை. எலும்பு முறிவுக்கு இடமுண்டு. பழைய டோர்னமெண்டை ஒத்தது எது என்று கேட்டால், வில்லியம் மார்ஷலின் கொல்லன் உலைக்கு அருகில் இருப்பது இந்த எஃகுப் போரேயாம். பிரம்புப் போர் அன்று. காலவழுவமைதிக் கழகத்தார் உயிர்ப்பித்ததாகச் சொல்லும் பெருமை பழைய களத்தில் இருந்ததைவிடப் பழைய காவியங்களில் இருந்ததே மிகுதி.

இருவர் பொரும் களத்தில் இவ்விதி நடைபெறுவது வியப்பன்று என்று கூறலாம். பென்சிக் போர் என்பது வேறு. 1972 முதல் கிழக்கரசுக்கும் நடுவரசுக்கும் இடையே நிகழும் இது, பென்சில்வேனியா மாநிலத்தில் ஆண்டுதோறும் கோடையில் நடைபெறும் பெரும் முகாம். 10,000 பேருக்கு மேல் கூடிய ஆண்டுகள் பல. தோற்றவருக்கே பிட்ஸ்பர்க் நகரம் என்பது அவர்களிடையே வழங்கும் கேலி. அக்களத்தில் ஓர் அணிக்கு ஆயிரம் பேருக்கு மேலும் மோதுவதுண்டு. புழுதி எழும், கேடயச் சுவர்கள் முட்டும், எவன் அடித்தான், எங்கிருந்து அடி வந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆபத்து நேர்ந்தால் யாரேனும் "நிறுத்து" என்று கூவுவர். அச்சொல்லைக் கேட்டவுடன் ஆயிரவரும் அசைவற்று நிற்பர் அல்லது மண்டியிடுவர். மற்ற நேரமெல்லாம் ஒவ்வொருவனையும் கண்காணிக்கக் காவலர் போதார். ஆயினும் அந்த நெருக்கத்தினுள்ளிருந்து, ஒருவர் பின் ஒருவராக, பிரம்பு வாளைத் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்துத் தாம் மாண்டதை அறிவித்துக்கொண்டே வீரர்கள் களத்தின் ஓரத்துக்கு நடந்து வருகின்றனர்.