வெள்ளலூர்க் காசு முதல் 925 முத்திரை வரை: வெள்ளியைச் சோதித்த வரலாறு

சென்ற ரமளானுக்கு முந்தைய வாரம் பீளமேட்டில் எங்கள் பெரியம்மாவின் ஜகாத் கணக்கைப் பார்க்க உட்கார்ந்தோம். தங்கம் என்று அவரிடம் எதுவும் மிஞ்சவில்லை. சேமிப்புப் பணமும் இல்லை. கொலுசு, தண்டை, அரைஞாண், சில வெள்ளிக் காசுகள் என்று வாழ்நாளெல்லாம் சேர்ந்த வெள்ளி மட்டுமே இருந்தது. நிறுத்துப் பார்த்தால் 640 கிராம். ஹனஃபி மத்ஹபில் வெள்ளியின் நிஸாப் ஐம்பத்திரண்டரைத் தோலா, அதாவது ஏறத்தாழ 612 கிராம். ஆகவே ஜகாத் கடமை என்று எழுதிக்கொண்டோம்.

அந்த 640-இல் 34 கிராம், பேத்தியின் நிக்காஹுக்கென்று அவர் வாங்கி வைத்திருந்த ஒரு காப்பு. வெளிநாட்டு வடிவமைப்பாளர் ஒருவரின் பெயரும் 925 என்ற எண்ணும் உள்வளைவில் பளிச்சென்று பொறிக்கப்பட்டிருந்தன. பூட்டும் இடத்தில் மட்டும் லேசான மஞ்சள் நிறம் தெரிந்தது. ஐயத்தின் பேரில் நகைப் பரிசோதனை மையத்துக்குக் கொண்டுபோனோம். ஓரத்தை அராவிப் பார்த்தபோது உள்ளே இருந்தது பித்தளை. வெள்ளி வெறும் முலாம்.

இவ்வேமாற்று நம் காலத்தில் தோன்றியதன்று. பீளமேட்டிலிருந்து தெற்கே சிங்காநல்லூரைக் கடந்து நொய்யலின் மறுகரைக்குப் போனால் வெள்ளலூர். அங்கே 1842-இல் ஐந்நூறுக்கும் மேற்பட்ட உரோமானிய வெள்ளிக் காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. 1891-லும் 1931-லும் மேலும் கிடைத்தன. தினாரியஸ் எனப்படும் அக்காசுகளில் பெரும்பாலானவை அகஸ்டஸ், திபேரியஸ் ஆகிய இரு பேரரசர்களின் காலத்தவை. (வெள்ளிக் காசின் இப்பெயரே பிற்காலத்தில் அரபு நாட்டுத் தங்கக் காசுக்கு தீனார் என்று ஆனது ஒரு வேடிக்கை.) கி.பி. 64-ஐ ஒட்டி நீரோ மன்னன் காசின் எடையையும் அதிலிருந்த வெள்ளியின் அளவையும் குறைத்தான். அதற்குப் பிந்திய வெள்ளிக் காசுகள் தமிழகத்தில் அரிதாகவே கிடைக்கின்றன. காசின்மேல் இருந்த இலத்தீன் எழுத்தை நொய்யல் கரை வணிகர் படித்திருப்பார் என்று நாம் கருதவில்லை. ஆயினும் எந்தக் காசில் வெள்ளி மிகுதி, எதில் குறைவு என்பதை அவர் அறிந்திருந்தார் என்றே கொள்ள வேண்டியுள்ளது. இலங்கை மன்னர் ஒருவரைப் பற்றி உரோமானிய எழுத்தாளர் பிளினி சொல்லும் செய்தியும் இதனோடு ஒத்துப்போகிறது. காசுகளில் முகங்கள் வெவ்வேறாக இருந்தும் எடை ஒன்றாக இருந்ததைக் கண்டு அம்மன்னர் வியந்தாராம்.

உரோமானிய உலகிலேயே செம்பின்மேல் வெள்ளித் தகடு போர்த்திய கள்ளக் காசுகள் புழங்கின. அவற்றில் பேரரசரின் முகம் அச்சுப் பிசகாமல் இருக்கும். உள்ளே வெள்ளிதானா என்று பார்க்கப் பணமாற்றுவோர் காசின் முகத்தில் உளியால் வெட்டிப் பார்த்தார்கள். எங்கள் காப்பின் ஓரத்தில் அரம் பட்டபோது அந்த உளிதான் நினைவுக்கு வந்தது. போலி செய்பவன் உலோகத்துக்குச் செலவிட மாட்டான். முத்திரையைத்தான் முதலில் நகலெடுப்பான்.

முத்திரையின் பொறுப்பைப் பற்றி நம் மார்க்க வரலாற்றிலும் ஒரு வெள்ளி மோதிரம் பேசுகிறது. அயல்நாட்டு அரசர்கள் முத்திரையில்லாத கடிதத்தை ஏற்கமாட்டார்கள் என்று சொல்லப்பட்டபோது நபி (ஸல்) அவர்கள் வெள்ளியில் மோதிரம் செய்து ‘முஹம்மது ரஸூலுல்லாஹ்’ என்று பொறிக்கச் செய்தார்கள். அதே வாசகத்தை வேறெவரும் தம் மோதிரத்தில் பொறிக்கக் கூடாது என்றும் தடுத்தார்கள். மோதிரம் அணிவதற்குத் தடையில்லை. அந்தப் பொறிப்பை நகலெடுப்பதற்கே தடை. அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) ஆகியோருக்குப் பின் உஸ்மான் (ரலி) அவர்களிடம் இருந்தபோது அது மதீனாவின் அரீஸ் கிணற்றில் விழுந்தது. மூன்று நாள் தேடியும் கிடைக்கவில்லை.

ஹிஜ்ரி 79 முதல் கலீஃபா அப்துல் மலிக் உருவமற்ற புதிய திர்ஹத்தை அச்சிட்டார். பத்து திர்ஹம் ஏழு மிஸ்காலுக்குச் சமம் என்பது அதன் எடைக்கணக்கு. பிற்கால முஸ்லிம் நகரங்களில் முஹ்தஸிப் எனும் சந்தைக் கண்காணிப்பாளர் இருந்தார். அவருக்கென எழுதப்பட்ட கையேடுகளில் பணமாற்றுவோருக்கும் பொற்கொல்லருக்கும் தனித்தனி அத்தியாயங்களே உண்டு.

இவ்வரிசையில் நம் மனத்தைக் கவர்ந்தவர் மர்வு நகரத்து அல்காஸினி. 1121-இல் அவர் எழுதி முடித்த ‘மீஸானுல் ஹிக்மா’, தண்ணீரில் நிறுக்கும் தராசைப் பற்றிய நூல். ஒரு பொருளைக் காற்றிலும் நீரிலும் நிறுத்து, அதன் உலோகம் தூயதா, கலப்பா என்று உடைக்காமலே அறியும் முறையை அவர் விரிவாக விளக்கினார். ஆர்க்கிமிடீஸும் அல்பிரூனியும் அவருக்கு முன்னோடிகள்.

இம்முறையை வீட்டிலேயே செய்து பார்த்தோம். மின்தராசின்மேல் ஒரு குவளைத் தண்ணீரை வைத்துச் சுழியத்துக்குக் கொண்டுவந்தோம். காப்பை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுவதும் மூழ்கவிட்டோம். தராசு காட்டும் எடையால் காப்பின் எடையை வகுக்க வேண்டும். 925 வெள்ளியானால் விடை 10.3 அல்லது 10.4 அருகில் வரும். தூய வெள்ளிக்கு 10.49. எங்கள் காப்பு 34 கிராம், தராசு காட்டியது 4, விடை எட்டரை. பித்தளையின் கணக்கு அது. வெள்ளியே இல்லாத ஜெர்மன் சில்வருக்கும் ஒன்பதுக்குக் கீழேதான் வரும். ஆனால் உட்குழிவுள்ள சலங்கைக் கொலுசுக்கும், கல் பதித்த மோதிரத்துக்கும் இம்முறை உதவாது. காந்தத்தை மட்டும் நம்புவதும் வீண். பித்தளையும் செம்பும் காந்தத்தில் ஒட்டா.

கொங்கு நாட்டில் கொலுசு என்றாலே சேலம். அங்கே பட்டறைகளிலும் கடைகளிலும் வெள்ளியின் தரத்தை ‘டச்’ என்ற சொல்லால் குறிப்பார்கள். நூற்றுக்கு எத்தனை பங்கு வெள்ளி என்பதே அது. டச் குறைந்த கொலுசு போலியன்று. குறைவைச் சொல்லி, குறைந்த விலைக்கு விற்றால் அது நேர்மையான வாணிபம். சொல்லாமல் விற்பதில்தான் மோசடி தொடங்குகிறது.

பெயர்பெற்ற வடிவமைப்பு நகைகளிலோ மோசடி இரட்டிப்பு: உலோகமும் பொய், பெயரும் பொய். 1851-லேயே 925 தரத்தை ஏற்ற அமெரிக்க நிறுவனம் டிஃபனி. அது 2004-இல் இ-பே தளத்தில் தன் பெயரால் விற்ற வெள்ளி நகைகளைச் சோதனைக்காக வாங்கிப் பார்த்து, 73 விழுக்காடு போலி என்று நீதிமன்றத்தில் முறையிட்டது. 2008-இல் தீர்ப்பு இ-பே பக்கமே சென்றது. 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதைப் பெரும்பாலும் ஏற்றது. அத்தனை பெரிய நிறுவனத்துக்கே அந்நிலை என்றால் பெரியம்மாவுக்கு என்ன வழி?

நம் நாட்டில் தங்கத்துக்கு ஹால்மார்க் 2021-இல் கட்டாயமாயிற்று. வெள்ளிக்கு 2025 செப்டம்பர் 1 முதல் ஒவ்வொரு நகைக்கும் ஆறு எழுத்து-எண் அடையாளம் தரும் முறை வந்துள்ளது. ஆனால் அது விற்பவரின் விருப்பத்தைப் பொறுத்தது. அந்த அடையாளத்தை பி.ஐ.எஸ். கேர் செயலியில் இட்டுப் பார்க்கலாம். வெறும் 925 என்ற அச்சுக்குப் பின்னால் பதில் சொல்ல யாரும் இல்லை. அந்த அச்சை எவரும் அடிக்கலாம்.

ஹனஃபி ஃபிக்ஹில் கலப்புலோகத்தில் வெள்ளி மிகுந்திருந்தால் முழுவதும் வெள்ளியாகவே கணக்கிடப்படும். ஷாஃபிஈ மத்ஹபில் உள்ளே இருக்கும் தூய வெள்ளி மட்டுமே கணக்கு. பெண்கள் அணியும் வழக்கமான நகைக்கு ஜகாத் இல்லை என்பதே அங்கே வலுவான கருத்து. பித்தளைக் காப்புக்கோ இரண்டிலும் இடமில்லை. 640-இல் 34 போக 606. நிஸாபுக்கு ஆறு கிராம் குறைவு.

பள்ளிவாசல் இமாமிடம் கேட்டோம், கடமையில்லை என்றார். பெரியம்மா சற்றுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, எடுத்துவைத்த பணத்தை ஸதகாவாகக் கொடுத்துவிடச் சொன்னார். காப்பை வாங்கிய ரசீதைத் தேடினோம். அதில் எடையும் விலையும் இருந்தன. தரம் எழுதும் கட்டம் காலியாக இருந்தது.