கொள்ளிடக்கரையும் குதிரைப்படையும்: 19ஆம் இலகு குதிரைப்படையின் தமிழகப் பணி (1782–1806)

ஆய்வுச்சுருக்கம்

இந்தியாவில் பணியாற்றிய முதல் பிரித்தானிய அரசுக் குதிரைப்படைப் பிரிவு, 1782இல் சென்னைக்கு வந்த 23ஆம் இலகு குதிரைப்படை ஆகும். 1786இல் இது 19ஆம் எண் பெற்றது. இப்படைப்பிரிவின் வரலாறு பெரும்பாலும் அசாயேப் போரின் வெற்றியை மையமாகக் கொண்டு எழுதப்பட்டுள்ளது. அப்படைக்கான தேவை எவ்வாறு உருவாயிற்று என்பதைச் சீர்காழியைச் சூழ்ந்த கொள்ளிடக்கரை நிகழ்வுகளின் வழியாகவும், அதன் இந்தியப் பணி எங்கு முடிந்தது என்பதை வேலூர் நிகழ்வின் வழியாகவும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கொள்ளிடம், தேவிக்கோட்டை, குதிரைப்படை, கும்பினி, சிப்பாய், வேலூர்.

முன்னுரை

ஒரு படைப்பிரிவின் வரலாற்றை எழுதுவோர் அப்பிரிவு திரட்டப்பட்ட நாள், தளபதிகளின் பெயர்கள், பெற்ற விருதுகள் என்னும் வரிசையில் எழுதுவது வழக்கம். ஜான் பிடல்ஃப் 1899இல் வெளியிட்ட 19ஆம் குதிரைப்படையின் வரலாறு இவ்வகையில் குறிப்பிடத்தக்க நூலாகும். இவ்வகை நூல்களில் தமிழகம் போர்க்களமாக மட்டுமே தோன்றும். நிலத்தின் இயல்பும், நீர் வரும் காலமும், கும்பினியின் கீழ்ப் போரிட்ட உள்ளூர்ச் சிப்பாய்களின் நிலையும் அவற்றில் பின்னுக்குத் தள்ளப்படும். அவற்றை முன்னிறுத்திப் பார்க்கும்போது இப்படைப்பிரிவின் கதை வேறு பொருள் பெறுகிறது.

தேவிக்கோட்டை: முதல் அனுபவம்

சீர்காழிக்கு வடகிழக்கே, கொள்ளிடம் கடலில் கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டி இருந்தது தேவிக்கோட்டை. தீவுக்கோட்டை என்றும் இது வழங்கப்பெறும். தஞ்சை அரியணைக்கு உரிமை கோரிய ஷாஜிக்கு ஆதரவாக, மன்னர் பிரதாபசிங்குக்கு எதிராகக் கும்பினி 1749இல் படை அனுப்பியது. ஏப்ரலில் தரைவழி சென்ற முதற்படை பயனின்றித் திரும்பியது. மேஜர் லாரன்ஸ் தலைமையில் கடல்வழி வந்த இரண்டாம் படை ஜூன் மாதத்தில் கோட்டையைத் தாக்கியது.

கோட்டை மதிலில் ஏற்பட்ட பிளவை நோக்கி 34 ஐரோப்பியரும் சுமார் 700 சிப்பாய்களும் ராபர்ட் கிளைவ் தலைமையில் முன்னேறினர். சிப்பாய்கள் ஓடையைக் கடந்தபின் பின்தங்கவே, ஐரோப்பியர் தனியே முன்சென்றனர். கோட்டைக் கோபுரத்தின் பின்னே மறைந்திருந்த தஞ்சைக் குதிரைவீரர்கள் அவர்கள்மீது பாய்ந்தனர். 26 பேர் வெட்டுண்டனர். கிளைவ் நூலிழையில் தப்பினார் என்று ராபர்ட் ஓர்ம் தம் வரலாற்றில் பதிவு செய்துள்ளார். பின்னர் லாரன்ஸ் முழுப்படையுடன் முன்னேறியபோது, அதே குதிரைவீரர்களின் இரண்டாம் பாய்ச்சல் துப்பாக்கி வரிசையின் சூட்டால் முறியடிக்கப்பட்டது. கோட்டை கும்பினியின் கைக்கு வந்தது. அதன்பின் ஷாஜியின் உரிமைக்கோரிக்கை கைவிடப்பட்டது.

இந்நிகழ்வு இருவேறு பாடங்களைத் தந்தது. சிதறிய காலாட்படையைக் குதிரைப்படை நொடியில் அழித்துவிடும் என்பது முதலாவது. அணிகுலையாத காலாட்படை குதிரைப்படையைத் தடுத்துவிடும் என்பது இரண்டாவது. அடுத்த முப்பது ஆண்டுகளுக்குக் கும்பினி பெரிதும் சார்ந்திருந்தது இரண்டாம் பாடத்தையே. குதிரைப்படைக்கு ஆற்காட்டு நவாபையும் பிற கூட்டாளிகளையும் நம்பியிருந்தது.

ஐதர் படையெடுப்பும் நீரின் காலக்கணக்கும்

1780 ஜூலையில் ஐதர் அலி கர்நாடகப் பகுதிக்குள் இறங்கியபோது இந்நிலை மாறியது. அவ்வாண்டு செப்டம்பர் 10 அன்று பொள்ளிலூரில் பெய்லியின் படை அழிந்தது. 1781இல் தஞ்சைக் கோட்டை நீங்கலாக நாட்டின் பெரும்பகுதி மைசூர்ப் படையின் பிடியில் சிக்கியது. ஊர்கள் வெறிச்சோடின, கால்நடைகள் கவரப்பட்டன, பஞ்சம் பரவியது. தஞ்சைக் கோட்டையில் பட்டினியால் வாடியோருக்கு உணவு திரட்டிய பாதிரியார் ஷ்வார்ட்ஸின் எழுத்துகள் இதற்குச் சான்று. காவிரிப்படுகையின் நினைவில் இக்காலம் ‘ஐதர் கலாபம்’ என நிலைத்தது.

வாய்க்கால்களும் சேற்று வயல்களும் நிறைந்த நாட்டில் குதிரைப்படை எவ்வாறு இயங்கியது என்னும் வினா இங்கு எழுகிறது. விடை வேளாண் நாட்காட்டியில் உள்ளது. மேட்டூர் அணை கட்டப்படாத அக்காலத்தில், ஆனி, ஆடி மாதங்களில் ஆற்றில் புதுவெள்ளம் வரும். அதன்பின் சம்பா அறுவடைவரை வயல்கள் நீரில் கிடக்கும். தை மாதத்தில் அறுவடை முடிந்து, மாசி முதல் அடுத்த நீர்வரத்து வரை தரை காய்ந்து இறுகிக் கிடக்கும். தேவிக்கோட்டைத் தாக்குதல் 1749 ஆனியிலும், கொள்ளிடத்திற்கு வடக்கே பரங்கிப்பேட்டைப் போர் 1781 ஜூலை 1 அன்று, அதே ஆனியிலும் நிகழ்ந்தன. பரங்கிப்பேட்டையில் வென்ற அயர் கூட், குதிரைப்படை போதாமையால் பின்வாங்கிய எதிரியைத் துரத்த இயலவில்லை.

1782 பிப்ரவரியில், அதாவது மாசியில், கர்னல் பிரெய்த்வெயிட்டின் படை கொள்ளிடக்கரையை ஒட்டி ஆங்கிலேயர் பதிவுகளில் அன்னகுடி எனப்படும் இடத்தில் திப்புவிடம் சிக்கியது. சுமார் 100 ஐரோப்பியர், 1,500 சிப்பாய்கள், 300 குதிரைவீரர் கொண்டது அப்படை. திப்புவிடம் குதிரைவீரர் மட்டும் சுமார் 10,000 பேர் இருந்தனர். அறுவடை முடிந்த திறந்தவெளியில் எத்திசையிலும் வழி அடைபட்டது. சதுரமாக அணிவகுத்து மூன்று நாள் தாக்குப்பிடித்த அப்படை, லாலியின் பிரெஞ்சுக் காலாட்படை முன்னேறியபோது குலைந்தது. அணிகுலையாத காலாட்படையால் தன்னைக் காத்துக்கொள்ள முடியும். ஆனால் குதிரைப்படை இன்றிச் சுற்றிவளைப்பிலிருந்து வெளியேற முடியாது என்பதை அன்னகுடி காட்டியது.

படைப்பிரிவின் வருகை

இத்தோல்வி படைப்பிரிவின் தோற்றத்திற்குக் காரணம் எனக் கொள்வது காலமுரண் ஆகும். சர் ஜான் பர்கோயின் 23ஆம் இலகு குதிரைப்படையைத் திரட்டியது 1781 செப்டம்பரில். ஐதரின் 1780ஆம் ஆண்டுப் படையெடுப்பே அதற்குப் பின்புலம். அன்னகுடி அத்தேவையை உறுதிப்படுத்தியது எனலாம். 1782 அக்டோபரில் படை சென்னையை அடைந்தது. பர்கோயின் 1785இல் சென்னையிலேயே இறந்தார்.

இப்படை பெயர்பெற்ற களங்கள் எவையும் காவிரிப்படுகையில் இல்லை. 1790 செப்டம்பர் 13 அன்று சத்தியமங்கலத்திற்கு அருகே பவானிக்கரையில் ஃபிளாயிட் தலைமையில் திப்புவின் குதிரைவீரரை எதிர்த்தது. 1799இல் மளவள்ளியிலும், 1800 செப்டம்பரில் தோண்டியா வாக்குக்கு எதிராகக் கோனகல்லிலும், 1803 செப்டம்பர் 23 அன்று அசாயேயிலும் போரிட்டது. எல்லாம் மேட்டுநிலக் களங்கள். ஆயினும் அவற்றின் விளைவு வயல்நாட்டை எட்டியது. 1799 மே 4 அன்று சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. மைசூர் அச்சம் நீங்கிய ஆறாம் மாதத்தில், அக்டோபர் 25 உடன்படிக்கையின்படி, இரண்டாம் சரபோஜி தஞ்சை நாட்டின் ஆட்சியைக் கும்பினியிடம் ஒப்படைத்தார். பாதுகாப்பின் பெயரால் தொடங்கிய உறவு ஆட்சிமாற்றத்தில் முடிந்தது.

வேலூர், 1806

புதிய தலைப்பாகை, சமயக்குறிகளுக்குத் தடை ஆகிய ஆணைகளால் மூண்ட கொந்தளிப்பு 1806 ஜூலை 10 விடியலுக்கு முன் வேலூர்க் கோட்டையில் வெடித்தது. 69ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஐரோப்பியர் கொல்லப்பட்டனர். சுமார் 16 மைல் தொலைவில் ஆற்காட்டில் இருந்த 19ஆம் குதிரைப்படையுடன் கில்லெஸ்பி காலையிலேயே வந்து சேர்ந்தார். பீரங்கியால் வாயிற்கதவு தகர்க்கப்பட்டது. குதிரைப்படை உள்ளே புகுந்ததும் சில நூறு சிப்பாய்கள் மாண்டனர். பிடிபட்ட பலர் சுவரருகே நிறுத்திச் சுடப்பட்டனர்.

அன்னகுடியில் கும்பினிக்காகப் போரிட்ட 1,500 சிப்பாய்களை மீட்கக் குதிரைப்படை இல்லை. இருபத்துநான்கு ஆண்டுகளுக்குப் பின் வேலூரில் குதிரைப்படை தக்க நேரத்தில் வந்தது. அது வந்தது சிப்பாய்களுக்கு எதிராக. எதிரிநாட்டுக் குதிரைப்படையை எதிர்கொள்ள உருவான கருவி, மைசூரும் தஞ்சையும் அடங்கியபின், கும்பினியின் சொந்தப் படைக்குள் எழுந்த எதிர்ப்பை ஒடுக்கும் கருவியாயிற்று.

முடிவுரை

1806இன் இறுதியில் இப்படை இந்தியாவை விட்டு நீங்கியது. பின்னர்க் கனடாவில் பணியாற்றி, 1821இல் கலைக்கப்பட்டது. அசாயே விருதைப் பிற்காலத்து 19ஆம் ஹுசார் பிரிவு மரபுரிமையாக ஏற்றது. இவ்விருதின் வழியே மட்டும் அப்படையை நோக்கும் வரலாறு, அதன் தேவையை உணர்த்திய கொள்ளிடக்கரையையும் அதன் பணி முடிந்த வேலூரையும் ஒருங்கே காணத் தவறுகிறது. படைப்பிரிவு ஆவணங்களை நீர்வரத்து, அறுவடைக் காலம், வருவாய் உடன்படிக்கைகள், சிப்பாய்களின் நிலை ஆகியவற்றோடு இணைத்து வாசிக்கும்போதே தமிழகப் படைவரலாறு முழுமை பெறும். சீர்காழி, சிதம்பரம், கும்பகோணம் வட்டாரங்களின் ஊர்வரலாறுகள் அவ்வாசிப்பிற்கு அடிப்படையாக அமையத்தக்கவை.