ஃபில் வுல்பர்ட்டும் அவர் தேர்ந்த ஐவரும்

1955ஆம் ஆண்டு மார்ச் 19, புனித சூசையப்பர் திருநாள். அன்றிரவு அமெரிக்க நாட்டின் கான்சாஸ் சிட்டி நகரில் கல்லூரிகளுக்கிடையிலான தேசியக் கூடைப்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டம் நடைபெற்றது. களத்தில் நின்ற இரு அணிகளும் கத்தோலிக்கக் கல்வி நிறுவனங்களைச் சேர்ந்தவை. ஒன்று, முந்தைய ஆண்டில் வாகை சூடியிருந்த பிலடெல்பியாவின் லா சால் கல்லூரி. தெ லா சால் அருட்சகோதரர்களுடையது. மற்றொன்று, இயேசு சபையினரின் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம். பின்னதற்குத் தன் வளாகத்தில் முறையான விளையாட்டுக் கூடம்கூட அப்போது இல்லை. அயலிலிருந்த புனித இஞ்ஞாசியார் உயர்நிலைப் பள்ளியின் கூடத்தில்தான் அந்த மாணவர்கள் பயிற்சி செய்துவந்தனர். இடமற்ற அந்த அணியே 77க்கு 63 என்ற கணக்கில் வென்றது.

விளையாட்டுச் செய்தியாக மட்டும் இதை வாசித்தால் இத்துடன் முடிந்துவிடும். ஆனால் வென்ற அணியில் ஆட்டத்தைத் தொடங்கிய ஐவருள் மூவர் கறுப்பினத்தார். பில் ரஸல், கே.சி. ஜோன்ஸ், ஹால் பெர்ரி என்பன அவர்தம் பெயர்கள். மற்ற இருவரான ஜெரி மல்லனும் ஸ்டான் புக்கானனும் வெள்ளையர். கறுப்பின மாணவர்களைச் சேர்த்துக்கொண்ட கல்லூரிகளிலும், ஒரே வேளையில் இருவருக்கு மேல் களமிறக்குவதில்லை என்ற வழக்கம் அந்நாளில் நிலவியது. அது எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை. எழுதப்படாததாலேயே அதை எதிர்த்து வழக்காடவும் வழியில்லை. அந்த எண்ணிக்கையைக் கைவிட்டவர் அணியின் தலைமைப் பயிற்சியாளரான ஃபில் வுல்பர்ட். அவருடைய பணிவாழ்வை இங்கே சற்று நினைத்துப் பார்க்க விழைகிறோம்.

1915இல் கென்டக்கி மாநிலத்தின் டான்வில் நகரில் பிறந்து, லாஸ் ஏஞ்சல்ஸில் வளர்ந்தவர் வுல்பர்ட். அங்குள்ள இயேசு சபையினரின் லொயோலா பல்கலைக்கழகத்தில் ஜிம்மி நீடில்ஸ் என்ற பயிற்சியாளரிடம் ஆடிப் பழகி, 1940இல் பட்டம் பெற்றார். உடன் ஆடிய பீட் நியூவெல் பின்னாளில் அவரைப் போலவே பெயர்பெற்ற பயிற்சியாளரானார். உலகப்போருக்குப் பின் வுல்பர்ட் சான் பிரான்சிஸ்கோவின் புனித இஞ்ஞாசியார் பள்ளியில் பயிற்சியளித்தார். பல்கலைக்கழக அணியை நடத்திவந்த நியூவெல் 1950இல் வேறிடம் செல்ல, அந்த இடம் நண்பருக்கு வந்தது.

அவர் காலடி வைத்த நிறுவனத்தின் பின்னணியையும் சொல்ல வேண்டும். 1951இல் அதன் அமெரிக்கக் கால்பந்து அணி ஒன்பது ஆட்டங்களில் ஒன்றிலும் தோற்கவில்லை. பருவ முடிவில் தென்பகுதியில் நடைபெறும் பெரும் போட்டிக்கு அழைப்பு வர வேண்டுமானால், ஆலி மாட்சன், பர்ல் டோலர் என்ற கறுப்பின வீரர் இருவரையும் விட்டுவிட்டு வர வேண்டும் என்று உணர்த்தப்பட்டது. அணி மறுத்துவிட்டது. பணமுடையால் அந்தக் கால்பந்து அணியே அப்பருவத்துடன் கலைக்கப்பட்டது. ஆக, வுல்பர்ட் தரிசு நிலத்தில் விதைத்தவர் அல்லர். அவருக்கு முன்னரே மாணவர்கள் ஒரு விலையைக் கொடுத்திருந்தார்கள்.

அவருடைய முதல் நான்கு ஆண்டுகளில் புகழத்தக்கது அதிகமில்லை. 44 வெற்றி, 48 தோல்வி. இக்காலத்துக் கல்லூரி நிர்வாகங்கள் பலவும் இவ்வளவு பொறுத்திருக்குமா என்பது ஐயமே! ஆயினும் அந்த ஆண்டுகளில்தான் பின்னர் வென்ற இளைஞர்கள் வந்து சேர்ந்தனர். ஓக்லண்ட் நகரின் மெக்கிளைமண்ட்ஸ் பள்ளியில் படித்த பில் ரஸல், பள்ளி நாள்களில் பெரிதாகப் பேசப்பட்ட வீரர் அல்லர். உதவித்தொகை தர முன்வந்த ஒரே பல்கலைக்கழகம் இதுதான். அங்கே கே.சி. ஜோன்ஸும் அவரும் ஒரே அறையில் தங்கினர். பந்து எந்தக் கோணத்தில் எழும், எங்கே விழும் என்று ஓயாது பேசித் தீர்த்தனர்.

வுல்பர்ட் தற்காப்பையே முதன்மையாகப் போதித்தவர். எதிரணிக்குப் புள்ளி கொடாதிருப்பதே அவரது ஆட்டத்தின் சாரம். ஆனால் அந்நாளைய பாடத்தின்படி, தற்காப்பவன் தரையில் காலூன்றி நிற்க வேண்டும். துள்ளி எழக் கூடாது. வுல்பர்ட்டும் அதையே கற்றிருந்தார், அதையே கற்பிக்க முயன்றார். ரஸலோ காற்றில் எழுந்து, எதிரி எறிந்த பந்தைக் கூடையை அடையுமுன் தட்டிவிடுபவர். ஆசானும் மாணவனும் இதில் எளிதாக ஒத்துப்போகவில்லை என்பதை ரஸலின் பிற்கால எழுத்துகளிலிருந்து அறிகிறோம். இறுதியில் விட்டுக்கொடுத்தது பாடமே. தான் கற்றதைவிட மேலான ஒன்று கண்முன் நிகழ்கையில் அதற்கு இடம்விடுவது பயிற்சியாளருக்கு எளிதான செயல் அன்று. வுல்பர்ட்டின் திறமைகளுள் இதையே நாம் தலையாயதாகக் கருதுகிறோம்.

1954 டிசம்பரில், ஜான் வுட்டன் பயிற்றுவித்த லாஸ் ஏஞ்சல்ஸ் கலிபோர்னியா பல்கலைக்கழக அணியிடம் 40க்கு 47 என்று தோற்றனர். அத்தோல்விக்குப் பின் வுல்பர்ட் ஒரு மாற்றம் செய்தார். வெள்ளை இன மாணவர் ஒருவரின் இடத்தில், யூக்கையா என்ற சிற்றூரிலிருந்து வந்த ஹால் பெர்ரியைத் தொடக்க ஐவருள் சேர்த்தார். மூன்றாவது கறுப்பின வீரர் அவரே. ஏச்சுகள் வந்தன. கறுப்பின வீரர்களைக் கொண்டு கேளிக்கை ஆட்டங்கள் நடத்திய ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் குழுவின் பெயரைச் சொல்லி வுல்பர்ட்டை நையாண்டி செய்தோரும் உண்டு. அவர் ஐவரை மாற்றவில்லை.

அதே மாதம், கிறிஸ்து பிறப்பு விழாவையொட்டி ஓக்லஹாமா சிட்டியில் ஒரு போட்டி. நகரின் தங்கும் விடுதிகள் கறுப்பினத்தாருக்கு இடமில்லை என்றன. விடுமுறையால் ஆளற்றுக் கிடந்த கல்லூரி மாணவர் விடுதி ஒன்றில் வெள்ளையர், கறுப்பர் என்ற பாகுபாடின்றி அணி முழுவதும் சேர்ந்து தங்கியது. சத்திரத்தில் இடமின்மை என்பது அந்தக் கிழமையில் நம் செவிக்குப் பழகிய செய்திதான். களத்தில் பயிற்சியின்போது பார்வையாளர் சிலர், கழைக்கூத்தாடிகளுக்கு எறிவதுபோல், நாணயங்களை வீசினர். ரஸல் அவற்றைக் குனிந்து பொறுக்கி, வைத்திருக்குமாறு பயிற்சியாளரின் கையில் கொடுத்தார். இருபது வயது இளைஞனின் அந்தச் செயலில் நகைச்சுவை எவ்வளவு, சினம் எவ்வளவு என்று பிரித்தறிய நம்மால் இயலவில்லை. போட்டியை அவர்களே வென்றனர்.

ஓராண்டு கழித்து, 1955 டிசம்பரில், நியூ ஆர்லியன்ஸ் நகரில் அங்குள்ள லொயோலா பல்கலைக்கழக அணியை எதிர்த்து ஆடினர். இதுவும் இயேசு சபையினரின் நிறுவனமே. கத்தோலிக்கர் மிகுந்த அந்த நகரத்தின் நிலையை நாம் மறைக்க வேண்டியதில்லை. கறுப்பின மாணவர்களுக்கென அன்னை கேத்தரின் ட்ரெக்ஸல் நிறுவிய சேவியர் பல்கலைக்கழகம் அங்கே தனியாக இயங்கியது. ஆலயங்களிலும் கறுப்பின மக்களுக்குப் பின்வரிசை என்றிருந்தது. பேராயர் ஜோசப் ரம்மல் 1953இல் வெளியிட்ட சுற்றுமடலில், இருக்கைகளிலும் நற்கருணைப் பந்தியிலும் இந்தப் பாகுபாடு ஒழிய வேண்டும் என்று பணித்தார். 1956இல் இனப்பிரிவினை ஒழுக்கத்திற்கு மாறானது, பாவம் என்றே அறிவித்தார். விசுவாசிகளுள் பலர் கேட்கவில்லை. எதிர்த்து அமைப்புகள்கூடத் தோன்றின. இத்தகைய நகரில் வெள்ளை மாணவர்களும் கறுப்பின மாணவர்களும் ஒரே பந்தைக் கைமாற்றி ஆடினர் என்பது சிறு செய்தியன்று. ஆட்சியாளரும் அதை உணர்ந்திருந்தனர். 1956இல் லூசியானா சட்டமன்றம் இரு இனத்தாரும் சேர்ந்து விளையாடுவதைத் தடைசெய்யும் சட்டம் ஒன்றை இயற்றியது; சில ஆண்டுகளில் நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது.

1955-56ஆம் பருவத்தில் 29 ஆட்டம், 29 வெற்றி. ஒரு தோல்வியுமின்றித் தேசியப் பட்டம் வென்ற முதல் அணி இதுவே. கே.சி. ஜோன்ஸ் விதிமுறை காரணமாக இறுதிச் சுற்றுகளில் ஆட இயலாது போயிற்று. அவ்விடத்தை ஜீன் பிரவுன் நிரப்பினார். இறுதியாட்டத்தில் அயோவா அணியை 83க்கு 71 என்று வென்றபோது ரஸல் தனியொருவராய் 26 புள்ளிகள் எடுத்தார். அவரது ஆற்றலைக் கட்டுப்படுத்தவென்றே, கூடைக்கு முன்னுள்ள கட்டத்தின் அகலம் அக்காலத்தில் 6 அடியிலிருந்து 12 அடியாக்கப்பட்டது. தொடர் வெற்றிகள் 60ஐ எட்டி, ரஸலும் ஜோன்ஸும் படிப்பு முடித்துச் சென்றபின், 1956 டிசம்பரில் இலினாய் அணியிடம் முறிந்தன. அந்த எண்ணிக்கையை 1973இல் தாண்டியவர் வுட்டனே.

இதையெல்லாம் பயிற்சியாளரின் சாதனை என்று எழுதிவிடுவது எளிது, நேர்மையாகாது. நாணயங்கள் வீசப்பட்டது அவர்மீது அன்று. விடுதிக் கதவு மூடப்பட்டது அவர் முகத்தில் அன்று. வுல்பர்ட் செய்தது ஒன்றே: யார் நன்றாக ஆடுகிறாரோ அவரை ஆடவிட்டார். இவ்வளவு இயல்பான செயலுக்கு அந்நாளில் துணிவு தேவைப்பட்டது என்பதில்தான் இவ்வரலாற்றின் கசப்பு அடங்கியிருக்கிறது. சிகாகோவின் லொயோலா அணி நான்கு கறுப்பின வீரர்களைக் களமிறக்கி 1963இல் பட்டம் வென்றது. டெக்சஸ் வெஸ்டர்ன் கல்லூரி ஐவரையும் அவ்வாறு இறக்கி 1966இல் வென்றது. பதினோர் ஆண்டில் மூன்று ஐந்தாயிற்று.

பெரும் வெற்றி அவருக்கு நிம்மதி தரவில்லை. 1957இல் தேசிய அளவில் மூன்றாமிடம். மறு பருவத்தில் 25 வெற்றி, 2 தோல்வி. பழைய வெற்றிகளின் புகழால் எழுந்த விளையாட்டுக் கூடம் 1958இல் வளாகத்தில் திறக்கப்பட்டது. 1958-59ஆம் பருவத்திலோ ஆறே வெற்றி, இருபது தோல்வி. அத்துடன் விலகினார். ஒன்பது ஆண்டுகளின் மொத்தக் கணக்கு 153 வெற்றி, 78 தோல்வி. சிறிது காலம் தொழில்முறை அணி ஒன்றில் இருந்துவிட்டு, 1962இல் சான் டியேகோ பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளரானார். அங்கே தேசியப் பட்டங்கள் இல்லை. 1969இல் அவர் விலகியபோது அவ்விடத்திற்கு வந்தவர், அவரிடமே ஆடிப் பயின்ற பெர்னி பிக்கர்ஸ்டாஃப் என்ற கறுப்பின இளைஞர். ரஸலோ அதற்கு மூன்றாண்டுகள் முன்னரே, 1966இல், பாஸ்டன் தொழில்முறை அணியின் பயிற்சியாளர் பொறுப்பை ஏற்றிருந்தார். அந்த நாட்டின் பெருந்தொழில்முறை விளையாட்டுகளில் அத்தகைய பொறுப்பேற்ற முதல் கறுப்பினத்தார்களுள் முன்வரிசையில் வைத்து எண்ணப்படுபவர் அவர். ஜோன்ஸும் பின்னர் அதே அணியை நடத்தி 1984, 1986 ஆகிய ஆண்டுகளில் பட்டம் வென்றார்.

கூடைப்பந்துப் புகழ் மண்டபத்தில் வுல்பர்ட்டின் பெயர் 1992இல் சேர்க்கப்பட்டது. அதைக் காண அவர் இல்லை, 1987இலேயே காலமாகிவிட்டார். களத்தைவிட்டு நீங்கியபின் அவர் நாட்டின் வடமேற்கு மூலையிலுள்ள வாஷிங்டன் மாநிலத்தின் சீக்குவிம் என்ற சிற்றூரில் குடியேறினார். அங்கே பள்ளிப் பேருந்து ஓட்டினார்.