படம் மட்டும் சாட்சி ஆகுமா?



தோட்டத்துப் பாதையோரப் பூக்களில் தேனீக்கள் வந்து அமர்வதை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். ஆனால், தேனீ போலத் தோன்றும் எல்லாமே தேனீ அல்ல. தேனீயின் உருவத்தில் உலவும் ஈக்களும் உண்டு. தேனீக்குச் சிறகு நான்கு, ஈக்கு இரண்டு. இதை நல்ல புகைப்படம் ஒன்றைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

ஆனால், இந்தத் தேனீப் போலி ஈக்களில் உலகெங்கும் 4,500க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. படத்திலிருப்பது எந்த இனம் என்று கேட்டால்தான் சிக்கல். சிறகு நரம்பின் வளைவையும் உடம்பு மயிரையும் நுணுகிப் பார்க்க வேண்டும். படத்தில் அவை தெரியாமல் போகலாம். அப்படியானால், பூச்சியை அடையாளம் காணப் படம் மட்டும் போதுமா? இக்கேள்வியின் வரலாற்றில் நம் சிலாங்கூருக்கும் பங்கு உண்டு.

2011-ஆம் ஆண்டில், சிலாங்கூர்க் காட்டில் குவெக் ஹொக் பிங் என்பவர் பச்சைப் பூச்சி ஒன்றைப் படம் பிடித்தார். அதன் மெல்லிய சிறகில் கறுப்புக் கோடுகளும் நீலப் பொட்டுகளும் இருந்தன. பூச்சி பறந்துவிட்டது, படம் இணையத்துக்குப் போனது. கலிபோர்னியாவில் அதைக் கண்ட பூச்சியியல் அறிஞர் ஷான் விண்டர்டன் வியந்தார். அதுவரை பெயரிடப்படாத இனம் அது! ஆயினும் அவர் உடனே பெயர் வைத்துவிடவில்லை, பூச்சியைக் கேட்டார்.

ஏறக்குறைய ஓராண்டு கழித்து, அதே இடத்தில் குவெக் அப்பூச்சியை மீண்டும் கண்டெடுத்து லண்டன் அரும்பொருளகத்திற்கு அனுப்பினார். அங்கே ஸ்டீவ் புரூக்ஸ் அதை ஆராய்ந்து உறுதி செய்தார். வேடிக்கை என்னவென்றால், அதே இனப் பூச்சி ஒன்று பல ஆண்டுகளாக அங்கேயே பெயரின்றிக் கிடந்திருக்கிறது! 2012-இல் அவ்வினத்துக்குச் செமாகிரைசா ஜேட் என்ற பெயர் கிடைத்தது.

2015-இல் வேறொன்று நடந்தது. தென்னாப்பிரிக்காவில் கருவண்டு போலத் தோன்றும் தேனீப் போலி ஈ ஒன்றுக்கு, உடல் கைவசம் இல்லாமல், படங்களை மட்டுமே ஆதாரமாகக் கொண்டு மார்ஷல், ஈவன்ஹுய்ஸ் ஆகிய இருவரும் பெயரிட்டார்கள். சர்ச்சை எழுந்தது. "நாளை ஐயம் வந்தால் எதைப் பார்ப்பது?" என்பதே எதிர்த்தவர்களின் கேள்வி. 2016-இல் நூற்றுக்கணக்கான அறிஞர்கள் கூடிக் கையொப்பமிட்டு மறுப்புக் கட்டுரை வெளியிட்டார்கள். 2017-இல் விலங்குகளின் பெயரீட்டுக்கான அனைத்துலக ஆணையம் இதற்கு வழிகாட்டியது: உடலைப் பாதுகாக்காமல் பெயரிடுவோர் அதற்கான காரணத்தை விளக்க வேண்டும்.

சிலாங்கூர்ப் பூச்சி நமக்கு இரண்டையும் காட்டுகிறது. அரும்பொருளகத்தில் உடல் கிடந்தும் பெயர் கிடைக்கவில்லை. படம்தான் கண்ணைத் திறந்தது. ஆனால், ஐயத்தைத் தீர்த்தது உடல்தான்.

ஆகவே, நம் பிள்ளைகள் கைப்பேசியில் பூச்சியைப் படம் பிடித்தால், "என்ன விளையாட்டு இது?" என்று அதட்ட வேண்டாம். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, சிறகு தெளிவாகத் தெரியும்படி ஒன்று எடுக்கச் சொல்வோம். எந்தத் தோட்டம், எந்த நாள், எந்தப் பூ என்பதையும் குறித்து வைக்கச் சொல்வோம்.