ஈகிள் நோய்த்தொகுதி

காதுக்குக் கீழே மண்டையோட்டிலிருந்து எழுத்தாணி போல் இறங்கும் ஸ்டைலாய்டு என்னும் எலும்பு முனை, இயல்பான 2.5 செ.மீ. அளவைக் கடந்து 3 செ.மீ.க்கு மேல் நீள்வதாலோ, அதை நாவடி எலும்போடு பிணைக்கும் நார் சுண்ணமேறி இறுகுவதாலோ உண்டாகும் தொண்டை, கழுத்து வலியே ஈகிள் நோய்த்தொகுதி எனப்படும். 1937இல் அமெரிக்க மருத்துவர் வாட் ஈகிள் இதனை விளக்கினார். முனை நீண்ட பலருக்குத் தொல்லையே இராது. சிலருக்கு மட்டும் விழுங்கும்போதும் தலையைத் திருப்பும்போதும் வலியும், முள் சிக்கியது போன்ற உணர்வும், காதுவலியும் தோன்றும். மருத்துவர் டான்சில் குழியை விரலால் அழுத்திப் பார்த்து ஐயுற்று, முப்பரிமாண சி.டி. ஸ்கேனில் நீளத்தை அளந்து உறுதிசெய்வார். மருந்தால் வலி தணியாதபோது, வாய்வழியாகவோ கழுத்தில் வெளிக்கீறல் இட்டோ முனை வெட்டி அகற்றப்படும். மதுரை வட்டாரத்தில் இத்தகைய வலி நீடிப்போர், அதைப் பல்வலியென எண்ணி நாள் கடத்தாமல், அரசு இராசாசி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவு போன்ற இடங்களில் காட்டுவது நலம்.