தந்தி வடக் கோட்பாடு

நீண்ட கம்பியின் ஒரு முனையில் தரும் மின்குறி மறுமுனைக்கு எவ்வளவு தாமதமாக, எவ்வளவு சிதைந்து போய்ச் சேரும் என்று கணக்கிடும் பொறியியல் கணிதமே தந்தி வடக் கோட்பாடு. கடலடித் தந்திக்காக 1850-களில் உருவாகி, பின்னர் தொலைபேசி, ஒலிப்பதிவு, உலை வடிவமைப்பு, நரம்பியல் வரை பரவியது. இதன் மூலக் கணிதம் வெப்பவியலிலிருந்து வாங்கிய கடன். அந்தக் கடன் முதலில் பெரிதும் உதவியது. பிறகு சில காலம் கண்ணையும் மறைத்தது.

பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபூரியே, திடப்பொருளில் வெப்பம் பரவும் விதத்தை விளக்கும் நூலை 1822-இல் வெளியிட்டார். வெப்பநிலை வேறுபாடு வெப்பத்தை ஓடவைப்பதுபோல மின்னழுத்த வேறுபாடு மின்னோட்டத்தை ஓடவைக்கிறது என்று கொண்டு, ஓம் 1827-இல் தம் விதியை அமைத்தார். ஃபூரியேவின் நூலைப் பதினைந்து வயதில் படித்து மயங்கியவர் வில்லியம் தாம்சன், பிற்காலத்துக் கெல்வின் பிரபு.

நிலத்துக்கு மேலே கட்டிய தந்திக் கம்பியில் தாமதம் பெரிதாகத் தெரியவில்லை. கட்டாபெர்ச்சா என்ற மரப்பால் பொருளால் உறையிட்டுக் கடலிலும் மண்ணிலும் புதைத்த வடங்களில் குறிகள் இழுபட்டு, ஒன்றோடொன்று கலந்தன. உள்ளே செம்பு, வெளியே ஈரம், நடுவே மின்காப்பு என்ற அமைப்பே வடத்தை ஒரு நீண்ட மின்தேக்கியாக்கிவிடுகிறது என்று 1854-இல் ஃபாரடே விளக்கினார். அதே ஆண்டு தாம்சன் அதைக் கணக்காக்கினார். வடத்தின் தடையையும் தேக்குதிறனையும் சேர்த்து எழுதினால் வந்து நிற்பது ஃபூரியேவின் வெப்பச் சமன்பாடுதான். அதிலிருந்து வெளிப்பட்ட முடிவு: தாமதம் நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும். நீளம் இரட்டித்தால் தாமதம் நான்கு மடங்கு. (துறைமுகந்தோறும் கரையேறி இறங்கிய வடங்களுக்கு இதனால் ஒரு நன்மை இருந்தது: துண்டுகள் குட்டை, தாமதமும் குறைவு; 1871-இல் சென்னையைப் பினாங்கு வழியாகச் சிங்கப்பூரோடு இணைத்த வடம் அவ்வகை.)

அட்லாண்டிக் தந்திக் கம்பெனியின் மின்பொறுப்பாளர் வைட்ஹவுஸ் இந்த விதியை ஏற்கவில்லை. அவர் தொழிலால் அறுவை மருத்துவர். 1858-இல் அட்லாண்டிக் கடலடி வடம் இணைந்ததும் விக்டோரியா அரசி அனுப்பிய 98 சொல் வாழ்த்து போய்ச்சேர 16 மணி நேரம் ஆயிற்று. வேகம் வேண்டி வைட்ஹவுஸ் ஏறத்தாழ 2,000 வோல்ட்டைச் செலுத்தினார். ஏற்கெனவே பழுதுபட்டிருந்த வடம் சில வாரங்களில் செத்துப்போனது. 1866-இல் கிரேட் ஈஸ்டர்ன் கப்பல் போட்ட வடத்தில் ஒரு கடல்மைலுக்கு 107 பவுண்டாக இருந்த செம்பு 300 பவுண்டாயிற்று. தாம்சனின் கண்ணாடி மின்னோட்டமானி மெல்லிய குறிகளையும் படித்துக் காட்டியது.

நியூகாசிலில் தந்தி ஊழியராக இருந்து, 24 வயதில் வேலையை விட்டவர் ஆலிவர் ஹெவிசைடு. அதன்பின் அவர் எந்த உத்தியோகத்துக்கும் போகவில்லை. மின்னோட்டத்துக்கு ஒருவகை நிலைமம் உண்டு. வெப்பத்துக்கு அது கிடையாது. தன்தூண்டல் எனப்படும் அந்த நிலைமத்தை அவர் 1876-இல் சமன்பாட்டில் சேர்த்ததும், பரவல் அலையாக மாறியது. 1887-இல் அவர் கண்டது இன்னும் வியப்பானது: தடைக்கும் தன்தூண்டலுக்கும் உள்ள விகிதமும், கசிவுக்கும் தேக்குதிறனுக்கும் உள்ள விகிதமும் சமமானால் குறி தேயும், ஆனால் உருக்குலையாது. நடைமுறையில் இதற்குத் தன்தூண்டலைக் கூட்ட வேண்டும். பிரிட்டிஷ் அஞ்சல் துறையின் மின்னியல் அதிகாரி பிரீஸோ தன்தூண்டலைத் தொல்லை என்றே கருதினார்; தாம்சனின் பழைய விதியைக் கொண்டே தொலைபேசிப் பேச்சின் எல்லையை வகுத்தார். தந்திக்குச் சரிவந்த கணக்கு மனிதக் குரலின் உயர் அதிர்வெண்களுக்குப் பொருந்தவில்லை. ஹெவிசைடின் கட்டுரை வெளிவராமல் தடுத்ததிலும் பிரீஸுக்குப் பங்குண்டு.

பயன் அமெரிக்காவில் விளைந்தது. தன்தூண்டலைக் கூட்டுவதற்காகக் குறிப்பிட்ட இடைவெளிகளில் கம்பிச்சுருள்களைச் செருகும் முறையை ஏடி&டி நிறுவனத்தின் ஜார்ஜ் கேம்பெல்லும் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் பூப்பினும் தனித்தனியே 1899-1900-இல் வகுத்தனர். காப்புரிமை பூப்பினுக்குக் கிடைத்தது. நிறுவனம் அவருக்குத் தந்த தொகை மொத்தம் 4 லட்சம் டாலருக்கு மேல். ஹெவிசைடுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

சுருள் செருகிய கம்பி ஓர் எல்லைக்கு மேற்பட்ட அதிர்வெண்களை அடைத்துவிடும். இந்தக் குறையையே கேம்பெல் கருவியாக்கினார், அதுதான் மின்வடிப்பான். அங்கிருந்து கணக்கு ஒலிக்குத் தாவியது. பெல் ஆய்வகத்தின் மேக்ஸ்ஃபீல்டும் ஹாரிசனும் நிறையைத் தன்தூண்டலாகவும், வில்லின் நெகிழ்வைத் தேக்குதிறனாகவும், உராய்வைத் தடையாகவும் வைத்துக் கிராமபோனின் ஊசி முதல் குழல் வரை கணக்கிட்டனர். 1925-இல் வெளிவந்த ஆர்த்தோபோனிக் விக்ட்ரோலா மின்சாரமின்றிப் பாடியது. ஆனால் அதன் உள்ளமைப்பு முழுக்கத் தொலைபேசிக் கணக்கு.

வெப்பவியலும் கொடுத்த கடனைத் திரும்ப வாங்கிக்கொண்டது. 1930-களில் பியூகன் என்பவர் தடைகளையும் மின்தேக்கிகளையும் கோத்து உலைச் சுவரின் மின்மாதிரியைச் செய்தார். மின்னழுத்தத்தை அளந்தால் வெப்பநிலை தெரியும். பூப்பின் இருந்த கொலம்பியாவிலேயே பாஷ்கிஸ் என்பவர் இந்த முறைக்குப் பெரிய ஆய்வகம் அமைத்தார். 1946-இல் உடலியலாளர்கள் ஹாட்ஜ்கினும் ரஷ்டனும் நரம்பிழையில் மின்னோட்டம் கசிவதை இதே சமன்பாட்டால் அளந்தனர். நரம்பில் தன்தூண்டல் பொருட்டில்லை என்பதால் அங்கே தாம்சனின் பழைய வடிவமே போதுமாயிற்று.

கம்பிச்சுருள்கள் பல நாடுகளின் தொலைபேசிக் கம்பிகளில் 20-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை இருந்தன. பேச்சுக்கு உதவிய அவை இணையத்துக்கு வேண்டிய உயர் அதிர்வெண்களை மறித்ததால், பிராட்பேண்ட் இணைப்புத் தருமுன் ஊழியர்கள் அவற்றைக் கழற்ற வேண்டியிருந்தது.